எல்லையில் போலீஸ் எடுத்த பணத்தைத் திரும்ப வாங்கிய கதை

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குக் காய்கறி மொத்த வியாபாரம். பாலக்காடு, திருச்சூர் கடைகளில் வசூலான ரொக்கத்தோடு ஒட்டன்சத்திரம் மண்டிக்குப் போய்ப் பாக்கியைத் தீர்ப்பது வாடிக்கை. போன வருஷம் அப்படிப் போனபோது எல்லை ஓரத்தில் வண்டியை மறித்தார்கள். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். பையில் 1,80,000 ரூபாய்.

“ஐம்பதாயிரத்துக்கு மேல கொண்டுபோகான் பாடில்லா”, கொண்டுபோகக் கூடாது என்றார் ஏட்டு. அது தேர்தல் சமயத்தில் பறக்கும் படை பார்க்கும் கணக்கு. “இப்ப தேர்தல் எதுவும் இல்லையே சார்” என்றேன். உடனே பேச்சு மாறியது: இந்த வழியில் குழல்பணம், அதாவது ஹவாலா, நிறைய ஓடுகிறதாம், சந்தேகமாம். ஜிஎஸ்டி பில் கேட்டார். பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது, பில்லுக்கு எங்கே போவது?

சந்தேகப்பட்டாலே பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 102-ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 106. எண்தான் மாறியது, போலீஸ் கையில் இருந்த அதிகாரம் அப்படியே இருக்கிறது. சீர்திருத்தம் என்று அவ்வளவு பேசியவர்கள் இதைத் தொடவில்லை என்பதுதான் என் வருத்தம். புதிதாக வந்தது 105. பொருளை எடுப்பதையும், பட்டியல் எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவதையும் வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும்.

வீடியோ எங்கே என்று கேட்டேன். ஒருவர் போனை எடுத்தார். அதற்குள் பணம் மேஜைக்கு வந்து எண்ணியும் முடித்திருந்தார்கள். எடுத்த பொருளைப் பட்டியலிடும் மகஜர் மலையாளத்தில். எனக்குப் பேச வரும், வாசிக்கத் தடுமாறும். டிரைவர் தம்பியை வாசிக்கச் சொன்னேன். மொத்தத் தொகை மட்டும்தான் இருந்தது. 500 எத்தனை, 200 எத்தனை என்று பிரித்து எழுதும்வரை கையெழுத்துப் போடவில்லை. எஸ்.ஐ. முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். நகலையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

அப்புறம் வக்கீல். அதே புதிய சட்டத்தின் 503-ஆம் பிரிவில் மனு: போலீஸ் எடுத்த பொருளை உரியவரிடம் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். வசூல் நோட்டு, மண்டிக்காரர் எழுதிய பாக்கிச் சீட்டு, பேங்க் கணக்கு எல்லாம் சேர்த்தோம். கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடு. கோர்ட் என்றதும் பாதிப் பேர் நழுவினார்கள்.

போலீஸ் தரப்பில் வருமான வரித்துறைக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரட்டும் என்று வாய்தா வாங்கினார்கள். வக்கீல் 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்து வைத்தார்: பறிமுதலான பொருளைத் தேவைக்கு மேல் போலீஸ் பிடியில் வைத்திருக்கக் கூடாது, ரூபாய் நோட்டானாலும் மகஜர் எழுதி, படம் எடுத்து, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்பது அதன் சாரம். பணத்தை எண்ணி முடித்த பிறகுதான் வீடியோ தொடங்குகிறது என்பதையும் சொன்னார். மாஜிஸ்திரேட் ஒன்றே ஒன்று கேட்டார், “எஃப்ஐஆர் உண்டா?” இல்லை. பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ள உத்தரவானது. மகஜரில் பிரித்து எழுதியிருந்ததால் திரும்ப எண்ணும்போது தகராறு இல்லை.

இடையில் சரக்கெடுக்கக் கைமாற்று வாங்கிய பணத்துக்கு வட்டி கட்டினேன். அதை யாரிடம் கேட்பது என்று வக்கீலிடம் கேட்டேன், சிரித்தார். போலீஸ் என் மேல் வழக்கு எதுவும் போடவில்லை. நான் எழுதிக் கொடுத்த பத்திரம் மட்டும் இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது.