அலை கொண்டு வந்து தரும்

ஆகஸ்ட் 11, 2024, ஞாயிறு

அண்ணன் கூப்பிட்டார். "வாற சனி செசிலுக்குப் போவமா தம்பி? கும்பளா வந்திட்டுதாம்."

செசில் இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு கல் கடற்கரை. அண்ணன் உடன்பிறந்தவர் அல்ல, பருத்தித்துறைக்காரர். அவர் கும்பளா என்பதை எங்கள் குமரிக் கரையில் அயிலை என்போம், இங்கே மேக்கரல். கறாராகப் பார்த்தால் நம்மூர் அயிலையும் இதுவும் வேறு வேறு மீன். இதன் முதுகு நீலப்பச்சை, அதில் கறுப்பு மையால் கிறுக்கியதுபோல் நெளிநெளியாய் வரிகள். குழம்பில் போட்டால் ஏறக்குறைய ஒன்றுதான்.

பரணிலிருந்து 13 அடித் தூண்டில் ராடை இறக்கினேன். "கடையில கிடைக்கிற மீனுக்கு சவுத்தாம்ப்டன்ல இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல கார் ஓட்டணுமா?" என்றாள் மனைவி. பதில் இல்லை. இந்த ஊரில் ஆற்றில் தூண்டில் போடத்தான் லைசென்ஸ் வேண்டும், கடலுக்கு வேண்டாம் என்று பேச்சை மாற்றினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இரண்டு மணி நேரம் முடிச்சுப் போட்டே போய்விட்டது.

ரீலில் இருப்பது 15 பவுண்டு தாங்கும் மெல்லிய தங்கூஸ். எறிவதோ ஐந்து அவுன்ஸ் ஈயம், கிட்டத்தட்ட 140 கிராம். முழு வேகத்தில் ராடை வீசும்போது மெல்லிய தங்கூஸ் அறுந்தால், ஈயம் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். அதனால் நுனியில் தடித்த தங்கூஸ் ஒரு துண்டு சேர்க்க வேண்டும். ஈயத்தின் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் பத்துப் பவுண்டு என்பது கணக்கு, ஆக எனக்கு 50 பவுண்டு. எறியும்போது அது ராடின் நீளம் போக ரீலிலும் ஏழெட்டுச் சுற்று இருக்க வேண்டும்.

போன வருடம் சோம்பல்பட்டு இதைச் சேர்க்காமல் எறிந்தேன். ஈயம் பக்கவாட்டில் போய், பக்கத்தில் இருந்தவரின் பிளாஸ்க்குக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அவர் திட்டவில்லை. பொருட்களை எடுத்துக்கொண்டு ஐம்பதடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 17, சனி (எழுதும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது)

அபட்ஸ்பரியில் காரை விட்டுவிட்டுக் கல்மேட்டில் ஏறினோம். ஒரு அடி வைத்தால் அரையடி சறுக்குகிறது. செசில் கரை 29 கிலோமீட்டர் நீளம், முழுக்கக் கல், அதுவும் தரம் பிரித்து அடுக்கியதுபோல. மேற்கே வெஸ்ட் பேயில் பட்டாணி அளவு, கிழக்கே போர்ட்லண்டில் கைக்கு அடங்காத அளவு. அந்தக் காலத்தில் இருட்டிலோ மூடுபனியிலோ கரை சேர்ந்தவர்கள் கல்லைத் தொட்டுப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாம். நாங்கள் நின்ற இடத்தில் மொச்சைக்கொட்டை அளவு. அள்ளிப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். எடுக்கக் கூடாது, சட்டம்.

காற்று தென்மேற்கு, லேசாகத்தான். எங்கள் ஊர்க் கணக்கில் கச்சான். இந்தக் கரை அந்தத் திசையைப் பார்த்தே கிடப்பதால், கச்சான் பலமாக அடித்தால் பக்கத்தில் போக முடியாது. இன்றைக்கே, திரும்பும் அலை கல்லை வாரிக்கொண்டு போகும் சத்தம், பெரிய சல்லடையில் நெல்லைச் சலிப்பதுபோல. கரை செங்குத்தாய் இறங்குகிறது. நாலைந்து எட்டிலேயே ஆழம். காலுக்கடியில் கல் ஓடும்போது ஆளும் கூடவே ஓடவேண்டியதுதான். அதனால் முழங்கால் நனைய நிற்பதில்லை என்பது அண்ணனின் சட்டம்.

ஏழு மணிவரை ஒன்றுமில்லை. டீ, மீன் பணிஸ், மறுபடி டீ. அப்புறம் கடற்காக்கைகள் ஒரே இடத்தில் விழத் தொடங்கின. பொடிமீனைக் கரைவரை துரத்திக்கொண்டு மேக்கரல் கூட்டம் வந்துவிட்டது. தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது. இறகு கட்டிய தூண்டில் முள் ஆறு சேர்த்து விற்கிறார்கள். நான் மூன்றுதான் கட்டுவேன். ஆறிலும் மீன் ஏறினால் சிக்கு எடுப்பதற்குள் கூட்டம் போய்விடும். அரை மணிநேரம், அவ்வளவுதான். ஒன்று 20 சென்டிமீட்டர் தேறவில்லை, விட்டோம். மீதி பதினொன்று. பிடித்த கையோடு செவுளை அறுத்து ஐஸில் வைத்தார் அண்ணன். இந்த மீன் சீக்கிரம் கெட்டுவிடும்.

எட்டரைக்குச் சூரியன் போய்விட்டது, நிலா முழுசாக இரண்டு நாள் பாக்கி. கணவாய்த் துண்டு மாட்டி அடியில் போட்டோம். ஒன்பதே முக்காலுக்கு என் ராடு வளைந்தது. கனம். சுற்றிச் சுற்றிக் கரையோரம்வரை கொண்டுவந்துவிட்டேன். அலை திரும்பியது. விடக்கூடாது என்று இழுத்தேன். பட்டென்று அறுந்தது. முடிச்சு அல்ல, முள்ளுக்கு மேலே.

"திரும்புற தண்ணிக்கு இழுக்காதேங்கோ தம்பி. பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. அடுத்த அலை கொண்டு வந்து தரும்."

எனக்குத் தெரியாததா? அப்பா கரைமடி வலை இழுத்தவர். அலை திரும்பும்போது ஆட்கள் கயிற்றைப் பிடித்தபடி சாய்ந்து நிற்பார்கள், அலை ஏறும்போது நாலு எட்டு பின்னால் வைப்பார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையோடு நின்று ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். கயிற்றில் கைவைத்தால் மட்டும் அப்பா அடிப்பார். "போயிப் படிலே." பார்த்தது கண்ணில் இருக்கிறது. கைக்கு வரவில்லை.

என்ன மீன் என்று தெரியாது. அதனால் வீடு வந்து சேர்வதற்குள் அது வளர்ந்துகொண்டே வந்தது. சீபாஸ் என்றால், இந்த 2024 சட்டப்படி 42 சென்டிமீட்டர் இருக்கவேண்டும், ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டுதான். அந்தக் கவலையெல்லாம் எனக்கு வரவில்லை.

பத்தரைக்கு அண்ணனுக்கு ஒரு நாய்ச்சுறா. உப்புத்தாள் போலத் தோல், கையில் சுற்றிக்கொண்டு உரசியது. அலை ஏறும்வரை சும்மா நின்றார், ஏறியதும் இரண்டு எட்டு பின்னால் போனார், மீன் கல்மேல் கிடந்தது. சுறாப்புட்டு பண்ணலாமா என்று கேட்டேன். தோலை உரிக்க உம்மால ஏலுமோ என்றார். விட்டுவிட்டோம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தோளும் கெண்டைக்காலும் வலி. ஐந்து மேக்கரல், புளியும் தேங்காயும் அரைத்துவிட்ட குழம்பு. மனைவி கடை மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டேன். அறுந்த மீனைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை, பதினொன்று கிடைத்தது என்று மட்டும் சொன்னேன்.

"எத்தன பேரு?"

"ரெண்டு பேருப்பா."

"ரெண்டு பேருக்குப் பதினொண்ணா? மிச்சம் ஒண்ணு யாருக்குலே?"

"அண்ணன் எடுத்துக்கிட்டாரு."

"சரிதான். மீன வெட்டி ஐஸ் போட்டது யாரு, அவருதானே?" என்றார்.