கேட்டது ஆர், எழுதினது ஆர்?

எங்கள் சரித்திர மாஸ்டரிடம் படித்தவர்களுக்குத் தலைப்பைப் பார்த்ததுமே அவருடைய குரல் கேட்டிருக்கும். பாடப்புத்தகத்தில் எந்த மந்திரியாவது, எந்தக் கலகக்காரனாவது "குற்றத்தை ஒப்புக்கொண்டான்" என்று வந்தால் மனுசன் வாசிப்பை அப்படியே நிற்பாட்டிவிடுவார். சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, "கேட்டது ஆர்? எழுதினது ஆர்? அவன் கடைசியாய் நித்திரை கொண்டது எப்ப?" என்பார். மூன்றாவது கேள்விக்கு வகுப்பு முழுக்கச் சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார்.

இந்த முறை எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதக் கேட்டபோது செயலாளர், "விடுதிச் சாப்பாடு, பிக் மட்ச், அதிபரின்ரை பிரம்பு, இது மூண்டையும் விட்டுட்டு வேறை ஏதாவது எழுதுங்கோ அண்ணை, ஒவ்வொரு வருசமும் அதுதான் வருகுது" என்றார். சரி, நான் சூனியக்காரிகளைப் பற்றி எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், எசெக்ஸ் மாகாணத்தின் கொல்செஸ்டர் பக்கம். ஓய்வுபெற்ற பிறகு இங்குள்ள உள்ளூர் வரலாற்றுக் குழு ஒன்றில் சேர்ந்தேன். தேவாலய மண்டபத்தில் கூட்டம், தேநீர், பிஸ்கட், பெரும்பாலும் என்னைவிட வயது கூடிய வெள்ளைக்காரர்கள். எசெக்ஸில் யாராவது உள்ளூர்ச் சரித்திரம் பேசத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் மத்யூ ஹொப்கின்ஸ் வந்துவிடுவான். சஃபோக்கில் கிரேட் வென்ஹம் என்ற கிராமத்துப் பாதிரியாரின் மகன். இருபது சொச்ச வயதில் மானிங்ட்ரீயில் வந்து குடியேறி, "சூனியக்காரரைப் பிடிக்கும் தலைமை அதிகாரி" என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டவன். நாடாளுமன்றம் அப்படி ஒரு பதவியை யாருக்கும் கொடுத்ததில்லை.

அது 1645. மன்னர் சாள்ஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் நடந்துகொண்டிருந்த காலம். மாகாணங்களுக்கு நீதிபதிகள் சுற்றிவருவது குழம்பிப்போயிருந்தது. பழைய அச்சுத் தணிக்கையும் 1641க்குப் பிறகு உடைந்துபோய், லண்டனில் துண்டுப்பிரசுரங்கள் மழையாய்க் கொட்டின. மன்னரின் மருமகன் ரூபர்ட் இளவரசர் ஒரு வெள்ளை நாய் வளர்த்தார். அது நாயே இல்லை, பேய் என்றுகூட அச்சடித்து விற்றார்கள். 1644இல் மார்ஸ்டன் மூர் சண்டையில் அந்த நாய் செத்ததும் அதற்கும் ஒரு பிரசுரம் வந்தது. ஆக, ஆள்பிடிப்பதற்கு நல்ல காலம்.

முதலில் அகப்பட்டவள் மானிங்ட்ரீயில் இருந்த எலிசபெத் கிளார்க். ஒரு கால் இல்லாத ஏழைக் கிழவி. தையற்காரர் ஒருவரின் மனைவிக்கு வந்த நோய் இவளால்தான் வந்தது என்று புகார். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கக்கூடாது. ஹொப்கின்ஸும் அவனுடைய கூட்டாளி ஜோன் ஸ்டேர்னும் அந்தச் சட்டத்தை மீறவில்லை என்றே சொல்லிக்கொண்டார்கள். அடிக்கவில்லை, நகம் பிடுங்கவில்லை. "காவல் இருந்தார்கள்", அவ்வளவுதான்.

காவல் என்றால் எப்படி என்பதை அதே காலத்தில் வாழ்ந்த ஜோன் கோல் என்ற பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். அறையின் நடுவில் ஒரு முக்காலியிலோ மேசையிலோ கால்களைக் குறுக்கே மடக்கி இருத்துவார்கள். மறுத்தால் கயிற்றால் கட்டுவார்கள். இருபத்துநாலு மணித்தியாலம் சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. அவளுடைய ஏவற்பேய்கள் வந்து போவதற்குக் கதவில் ஒரு சின்ன ஓட்டை. காவலிருப்பவர்கள் அடிக்கடி அறையைக் கூட்டி, சிலந்தி, ஈ கண்டால் அடிக்கவேண்டும். அடிபட்டுச் செத்தால் அது ஈ. தப்பிவிட்டால் பேய்.

கிளார்க்கை இரவிரவாக இப்படி இருத்தி வைத்தார்கள். நாலாம் இரவு பேய்கள் வந்தனவாம். ஹோல்ட் என்ற வெள்ளைப் பூனைக்குட்டி, கால் இல்லாத கொழுத்த ஸ்பானியல் நாயாக ஜர்மாரா, எருதின் தலையோடு வேட்டைநாய் உடம்பு கொண்ட வினிகர் டொம், கறுப்பு முயலாக சாக் அன்ட் சுகர். நாலு இரவு கண்மூடாத கிழவிக்கு என்னென்ன தெரிந்திருக்கும் என்பது ஒரு பக்கம். இருந்து பார்த்தவர்களும் அதே நாலு இரவு நித்திரை கெட்டவர்கள்தானே! அவர்களும் கண்டதாகத்தான் சத்தியம் பண்ணினார்கள். இந்தப் பெயர்களைக் கேட்டு எங்கள் குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். வினிகர் டொம் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கு மாஸ்டரின் மூன்றாவது கேள்விதான் ஞாபகம் வந்தது.

கிளார்க் மற்றவர்களின் பெயரைச் சொன்னாள், அவர்கள் இன்னும் சிலரைச் சொன்னார்கள். ரெபெக்கா வெஸ்ட் என்ற இளம்பெண் தாய்க்கு எதிராகவே சாட்சி சொல்லித் தப்பினாள். தாய் ஆன் வெஸ்டைத் தூக்கில் போட்டார்கள். ஆடி மாதம் செம்ஸ்ஃபோர்டில் வழக்கு. அப்புறம் ஹொப்கின்ஸ் சஃபோக்குக்குப் போனான். ஓகஸ்ட் 27ஆம் திகதி பெரி செய்ன்ட் எட்மண்ட்ஸில் ஒரே நாளில் பதினெட்டுப் பேரைத் தூக்கில் போட்டார்கள். அதில் ஒருவர் பிராண்டெஸ்டன் ஊர்ப் பாதிரியார் ஜோன் லோஸ், எண்பது வயதளவில். அவரைப் பல இரவுகள் நித்திரை கொள்ள விடாமல், மூச்சு முட்டும்வரை அறைக்குள் ஓடவைத்தார்கள். ஃபிரம்லிங்ஹம் கோட்டை அகழியில் தள்ளி மிதக்கிறாரா என்றும் பார்த்தார்கள். மிதந்தால் சூனியக்காரர் என்று அர்த்தம். கடைசியில் பேயை ஏவி ஒரு கப்பலை மூழ்கடித்ததாக ஒப்புக்கொண்டார். அப்படி ஒரு கப்பல் மூழ்கியதா என்று யாரும் போய் விசாரிக்கவில்லை. தூக்குமேடையில் அவருக்காக மரணச் செபம் சொல்ல வேறு பாதிரியார் கிடைக்கவில்லை, தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டு வருடத்துக்குள் கிழக்கு மாகாணங்களில் நூறு பேருக்கு மேல் இப்படிப் போனார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. செலவு ஊர்க்காரர் தலையில். ஸ்டோமார்க்கெட் ஊர் மட்டும் 23 பவுண் கட்டியது. 1647இல் ஹொப்கின்ஸ் தன்னை நியாயப்படுத்தி ஒரு சின்னப் புத்தகம் போட்டான். எதிரிகளின் கேள்விகளைத் தானே எழுதி, பதிலையும் தானே எழுதி, ஊருக்கு வெறும் 20 ஷில்லிங்தான் வாங்குகிறேன் என்று கணக்கும் காட்டியிருக்கிறான். அதே வருடம் ஓகஸ்டில் செத்துப்போனான். அவனையே தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள், மிதந்தான் என்று இங்கே ஒரு கதை உண்டு. கேட்க நல்லாயிருக்கும், ஆனால் உண்மை இல்லை. அவனைக் கொண்டுபோனது சயரோகம்.

அன்றைக்குப் பேசியவர், "அந்தக் காலத்துச் சனங்கள் அறியாதவர்கள், என்ன செய்வது" என்று முடித்தார். இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அறியாமைதான் காரணம் என்றால் கோல் பாதிரியாருக்கு எப்படித் தெரிந்தது? சுருங்கிய முகம், உதட்டில் மயிர், ஓரக்கண், வாய்க்காரி, பக்கத்தில் ஒரு நாயோ பூனையோ இருந்தால் போதும், எந்தக் கிழவியையும் சூனியக்காரி என்கிறார்கள் என்று அவர் 1646இலேயே அச்சில் ஏசியிருக்கிறார்.

அதற்கும் முப்பது வருடத்துக்கு முன் லங்காஸ்டர் கோட்டையில் நடந்த சூனிய வழக்குகளைப் பாருங்கள். 1612 ஓகஸ்ட், ஒரே நீதிமன்றம், நீதிபதி எட்வர்ட் புரோம்லி. பெண்டில் மலைப்பக்கத்து ஜெனட் டிவைஸ், ஒன்பது வயதுப் பிள்ளை, மேசையில் ஏற்றிவிடப்பட்டு நின்று தாய்க்கும் அண்ணனுக்கும் எதிராகச் சாட்சி சொன்னாள். தாய் கத்திய கத்தலில் அவளை வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. பிள்ளை சொன்னதை நம்பினார்கள், இருவரும் தூக்கில் போனார்கள். அதே அமர்வில் கிரேஸ் சவர்பட்ஸ் என்ற பதினாலு வயதுப் பெண் சாம்ஸ்பெரிப் பெண்கள் மூவரைக் குற்றம் சாட்டினாள். அவளை மட்டும் தனியே எடுத்து, உனக்கு இதைச் சொல்லித்தந்தது யார் என்று விசாரித்தார்கள். ஒரு கத்தோலிக்கக் குரு சொல்லித்தந்தார் என்று வந்தது. மூவரும் விடுதலை. கத்தோலிக்கச் சதி ஒன்று அகப்படும் என்றபோது மட்டும் நீதிமன்றத்துக்கு அந்தக் கேள்வி வாயில் வந்திருக்கிறது. அந்த வழக்குகளின் பதிவை எழுதி அச்சிட்டவர் நீதிமன்ற எழுதுவினைஞர் தோமஸ் பொட்ஸ். திருத்திச் சரிபார்த்தவர் அதே புரோம்லி. எழுதினது ஆர் என்று மாஸ்டர் ஏன் துளைத்தார் என்பது இதை வாசித்தபோதுதான் உறைத்தது.

மாஸ்டர் செய்திகளையும் இப்படித்தான் கேட்கச் சொல்வார். இரவு இலங்கை வானொலிச் செய்தியைக் கேட்டுவிட்டு பீபீசி தமிழோசையையும் கேட்டு, ஒரே செய்தியை இரண்டு பக்கமாகக் கொப்பியில் எழுதிக்கொண்டு போகவேண்டும். பீபீசியே முடிந்த முடிவு என்று நாங்கள் நினைத்தால், "அதுக்குக் காசு குடுக்கிறது ஆர் எண்டு தெரியுமோ? லண்டன் வெளிநாட்டமைச்சு" என்று ஒரு போடு போடுவார். வெளிநாட்டு அரசுத் தொலைக்காட்சி என்றால் அன்றைக்கு எங்களுக்கு ஒன்றுதான், உயர அன்ரனா கட்டிப் பிடிக்கும் தூரதர்ஷன். வெள்ளிக்கிழமைப் பாட்டுக்காகப் பார்த்தோம். இடையில் வந்த செய்தியை எந்தக் கொப்பியில் எழுதுவது என்று யோசிக்கவில்லை.

இங்கே வந்த பிறகு அந்த வகைத் தொலைக்காட்சி நிறையவே பார்க்கக் கிடைத்தது. 2013 ஓகஸ்டில் சீன அரசுத் தொலைக்காட்சியில் பீட்டர் ஹம்ஃப்ரி என்ற பிரிட்டிஷ்காரரைக் காட்டினார்கள். முன்பு ரொய்ட்டர்ஸ் செய்தியாளர், பிறகு ஷாங்ஹாயில் நிறுவனங்களுக்காகப் புலனாய்வு செய்தவர். கைவிலங்கோடு, முகம் மங்கலாக்கப்பட்டு, தனிநபர் விபரங்களைச் சட்டவிரோதமாக வாங்கியதாக ஒப்புக்கொள்கிறார். வழக்கு நடந்ததோ அடுத்த வருடம்தான். 2015இல் விடுதலையாகி வந்து அவர் சொன்னது வேறு. மயக்கமருந்து கொடுத்து, கூண்டுக்குள் இரும்புக் கதிரையில் பூட்டி, பொலிஸ் எழுதிக்கொடுத்ததை வாசிக்க வைத்தார்கள் என்றார். கமெரா கூண்டுக்கு வெளியே இருந்தது. எலிசபெத் கிளார்க்கின் முக்காலியை நினைத்துக்கொண்டேன். அந்த முக்காலி பிரசுரத்தில் வராது, இந்தக் கதிரை திரையில் வராது. வெளியே வருவது வாய் மட்டும்.

அதற்கு முன் ஈரானின் அரசுத் தொலைக்காட்சி பிரெஸ் ரீவி. நியூஸ்வீக் செய்தியாளர் மாசியார் பஹாரியை 2009இல் எவின் சிறையில் 118 நாள் வைத்திருந்தார்கள். அங்கே எடுத்த பேட்டியில் ஒரு துண்டை லண்டனிலிருந்து ஒளிபரப்பினார்கள். சில விநாடிகள்தான். வற்புறுத்தி எடுத்த பேட்டி என்று ஒஃப்கொம், அதாவது பிரிட்டனின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு, தீர்ப்புச் சொல்லி 2011இல் ஒரு லட்சம் பவுண் தண்டம் போட்டது. ஹம்ஃப்ரியின் முறைப்பாட்டிலும் அதே ஒரு லட்சம், 2021 மார்ச்சில்.

ஆனால் இரண்டு நிலையத்தின் அனுமதிப் பத்திரமும் பறிபோனது இந்த வாக்குமூலங்களுக்காக அல்ல. 2012 ஜனவரியில் பிரெஸ் ரீவிக்கு, நிகழ்ச்சிகளைத் தீர்மானிப்பது லண்டனில் இல்லை, தெஹ்ரானில் என்றார்கள். கட்டாமல் விட்ட தண்டமும் சேர்ந்துகொண்டது. 2021 பெப்ரவரியில் சீன அரசுத் தொலைக்காட்சியின் வெளிநாட்டு நிலையமான சீஜீரீஎன்னுக்கு, பத்திரம் வைத்திருக்கும் கம்பனிக்கு ஆசிரியப் பொறுப்பே இல்லை என்றார்கள். எழுதினது ஆர் என்பதுதான் சட்டக் கேள்வியே! ரஷ்ய அரசுத் தொலைக்காட்சி ஆர்ரீயின் கதை வேறு. நடுநிலை மீறலுக்கு 2019இல் இரண்டு லட்சம் பவுண் தண்டம், உக்ரெய்ன் போர் தொடங்கிய பிறகு 2022 மார்ச்சில் பத்திரமும் போனது. என்னைக் கேட்டால், கூண்டுக்குள் எடுத்த வாக்குமூலத்தை ஒளிபரப்பியதற்காகவே பத்திரத்தைப் பறித்திருக்க வேண்டும். அனுமதிக் கடதாசியில் பிழை பிடித்து அனுப்புவது எனக்கு அரைகுறைத் திருப்தி.

எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாமல் விட்டால் மாஸ்டர் மன்னிக்கமாட்டார். சாதாரணச் சட்டப்படி இலங்கையில் பொலிசுக்குச் சொன்ன வாக்குமூலம் சாட்சியமாகாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் அதை மாற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள ஒருவரிடம் சொன்னால் செல்லும். வற்புறுத்தி வாங்கியது என்றால் அதைச் சொன்னவனே நிரூபிக்கவேண்டும். தற்காலிகம் என்று வந்த சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த வகுப்புகளில் அந்த மூன்றாவது கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லையாம். தம்பியின் வகுப்பில் படித்தவர்கள் சொன்னது.

கடைசியாகச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். கோடைச் சுற்றுலாவுக்கு ஒவ்வொரு வருடமும் சவுத்எண்ட் கடற்கரைக்கே போகிறோம். ஒருமுறை இந்தப் பக்கம் வாருங்கள். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து மானிங்ட்ரீக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம் மட்டில். அங்கிருந்து ஸ்டவர் ஆற்றங்கரையால் நடந்தால் மிஸ்ட்லி வரும், பிள்ளைகளுக்கு அன்னங்களும் உண்டு. ஹொப்கின்ஸைப் புதைத்த பழைய கோயில் இப்போது இல்லை, புதைகுழிக்கு அடையாளமும் கிடையாது. கட்டடக் கலைஞர் ரொபர்ட் அடம் 1776இல் மாற்றியமைத்த இன்னொரு கோயிலின் இரண்டு கோபுரங்கள் மட்டும் நிற்கின்றன, அதைப் பார்க்கலாம். வினிகர் டொம் கதையைப் பிள்ளைகளுக்கு நான் சொல்கிறேன். சோற்றுப் பார்சலுக்கு எத்தனை பேர் என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லவேண்டும், மரக்கறி எத்தனை, மச்சம் எத்தனை என்று பிரித்து.