ஒரு விசா, ஆறு நாடுகள், அத்தானின் கார்

யாழ்ப்பாணத்தில் ஹயர் வான் ஓடுகிறவன் நான். இரவு வெளிக்கிட்டு விடியக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, அங்கே வந்திறங்குபவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவது என் தொழில். பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனிக் கதைகளைப் பின் சீற்றிலிருந்து கேட்டுக் கேட்டே புத்தளம் வீதியும் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதியும் எனக்கு மனப்பாடம். போன ஆடியில்தான் அந்த நாடுகளுக்கு நானே போக வாய்த்தது. பாரிசில் இருக்கும் அக்கா கூப்பிட்டாள். அத்தானுக்கு ஒரு கிழமை லீவு. கார் அவருடையது.

"என்ன பாக்க வேணும் தம்பி, சொல்லு" என்று அக்கா கேட்டாள். எல்லைகளைப் பார்க்க வேணும் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டவள் அவள். போரால் மூடிக்கிடந்த ஏ9 2002 இல் திறந்த பிறகு ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடிகளில் நாங்கள் நின்ற வரிசைகள் அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு பொதியையும் இறக்கி, அவிழ்த்துக் காட்டி, திரும்பக் கட்டி ஏற்றுவோம். 2006 ஆவணியில் அந்தப் பாதையும் மூடப்பட்டு, கப்பலும் விமானமும்தான் மிச்சம் என்றானது. ஒரே நாட்டுக்குள் அத்தனை வாசல்களைக் கடந்தவனுக்கு, வாசலே இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கார் போகுமாம் என்று கேட்கும்போது, அதைத் தன் கையால் ஓட்டிப் பார்க்க வேணும் என்றுதான் தோன்றும். எனக்கு அது பல வருட ஆசை.

முதலில் பத்திர வேலை. பிரான்ஸ் விசாவுக்கு அக்கா தன் ஊர் மேரியில், அதாவது நகரசபையில், வரவேற்புப் பத்திரம் எடுத்து அனுப்பினாள். கொழும்பில் விண்ணப்பம், 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்கு, வானின் புத்தகம், காணி உறுதி. கிடைத்தது ஒருமுறை நுழையும் செங்கன் விசா, தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே செல்லும். நாங்கள் போகவிருந்த ஆறு நாடுகளும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருப்பதால் அது போதும். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் 2008 இலிருந்து செங்கனில் இருக்கிறது. இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரமும் எடுத்துக்கொண்டேன். நானும் ஓட்டலாம் என்பதை அத்தான் தன் காப்புறுதிக்காரரிடம் கேட்டு உறுதி செய்திருந்தார்.

செலவுக்கு மூன்று முடிவுகள் எடுத்தோம். இரவில் சொந்தக்காரர் வீடு, இல்லாத இடத்தில் மட்டும் றோட்டோர மலிவு ஹோட்டல். சாப்பாடு பெட்டியில் வரும். காசு கேட்கும் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே காசு கேட்காத றோட்டு இருந்தால் அதில்தான் போவது. அக்கா பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மாவும் மிளகாய்த்தூளும் வாங்கி வந்து, இடியப்பம், கட்டுச் சம்பல், கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு என்று குளிர்ப்பெட்டியை நிரப்பிவிட்டாள். அவளுக்கு வேலை, வரமுடியவில்லை. அத்தான், நான், பதினெட்டு வயது மருமகள். மூன்று பேர்.

கியரை வலக்கையால் போட வேணும். பழக ஒரு காலைப்பொழுது பிடித்தது. அதைவிடக் கவனம் கேட்டது பிரான்சின் சின்னச் சந்திகள். பலகை ஒன்றும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்தால் வருகிறவருக்குத்தான் முதல் வழி, நீங்கள் எவ்வளவு பெரிய றோட்டில் வந்தாலும் சரி. "மாமா, வலப்பக்கம் பாருங்கோ, அவை நிக்கமாட்டினம்" என்று மருமகள் சொல்லிக்கொண்டே வந்தாள். நெடுஞ்சாலை சுலபம். காலிக்குப் போகும் அதிவேகப் பாதையில் செய்கிற மாதிரி ஏறும் இடத்தில் துண்டு எடுத்து இறங்கும் இடத்தில் காசு கட்டுவது. வெயிலில் 130, மழையென்றால் 110. ஓய்விடங்களில் மரத்தடி மேசையும் கழிப்பறையும் இலவசம். அங்கே இடியப்பப் பெட்டியைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்கள்.

லில் நகரத்தைத் தாண்டி பெல்ஜியத்துக்குள் போனதுதான் முதல் எல்லை. நீலப் பலகை, வட்டமாகப் பன்னிரண்டு நட்சத்திரம், நடுவே நாட்டின் பெயர். அவ்வளவுதான். ரயரின் சத்தம் மாறியது, தார் வேறு. நான் வேகத்தைக் குறைத்துவிட்டேன். பின்னால் வந்த லொறிக்காரன் விளக்கடித்தான். "ஏன் தம்பி?" என்றார் அத்தான். ஒன்றுமில்லை என்றேன். அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, கதிரைக்கடியில் வைத்திருந்த பாஸ்போட் பையை எடுத்துப் பின்னுக்குப் போட்டேன். அங்கே அதை யாரும் கேட்கவில்லை.

பெல்ஜியத்தில் காருக்கு நெடுஞ்சாலைக் காசு இல்லை. நெதர்லாந்திலும் இல்லை, ஆனால் பகலில் பெரும்பாலான இடங்களில் நூறுக்கு மேல் ஓடக்கூடாது, பெற்றோலும் அநியாய விலை. அங்கே நாங்கள் போனது டெல்ஃப்ட் நகரத்துக்கு மட்டும். ஆம்ஸ்டர்டாமை விட்டுவிட்டு அங்கே ஏன் என்று அத்தான் கேட்டார். அம்மா பிறந்தது நெடுந்தீவில். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்களின் பெயர்களை வைத்தார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். மற்றவை போய்விட்டன, டெல்ஃப்ட் மட்டும் அரச கடிதங்களில் இன்றும் நிற்கிறது. பெயர் கொடுத்த ஊர் எப்படியிருக்கும் என்று பார்க்காமல் திரும்ப எனக்கு மனமில்லை. வாய்க்கால்கள் தெருவோடு தெருவாக ஓடுகின்றன, கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. சந்தைச் சதுக்கத்தில் நின்று அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். "குதிரை நிக்குதோ?" என்று கேட்டா. அவவுக்கு டெல்ஃப்ட் என்றால் காட்டுக் குதிரையும் பவளக்கல் மதிலும்தான். தேவாலயக் கோபுரத்தைக் காட்டினேன். நூறு மீற்றருக்கு மேல் உயரம். அவ கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

அடுத்த நாள் நெதர்லாந்தின் தெற்கு மூலையில் வால்ஸ் என்ற ஊர். அங்கே ஒரு குன்றின் உச்சியில் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜேர்மனி மூன்றும் முட்டுகின்றன. 322 மீற்றர், மேடே இல்லாத அந்த நாட்டுக்கு அதுவே பெரிய மலை. மருமகள் எல்லைக்கல்லைச் சுற்றி ஓடி மூன்று நாட்டையும் மிதித்துவிட்டு வந்தாள். ஒரு காலத்தில் அந்த இடத்தில் நான்காவதாகவும் ஒன்று முட்டியிருக்கிறது. மோறெஸ்நெற் என்ற துண்டு நிலம், 1816 இலிருந்து யாருக்கும் முழுதாகச் சொந்தமில்லாமல் இருந்து, 1920 இல் பெல்ஜியத்தோடு சேர்ந்தது.

ஜேர்மனிக்குள் இறங்கியதும் ஓட்டோபான், அவர்களுடைய நெடுஞ்சாலை. வேகக் கட்டுப்பாடு இல்லாத துண்டுகளில் 130 என்பது பரிந்துரை மட்டுமே. நான் 120 இல் வலப்பக்கத்திலேயே நின்றேன், இடப்பக்கத்தால் போனவை கண்ணுக்குத் தெரிவதற்குள் போய்விட்டன. ஆனால் எனக்கு அங்கே பெரிதாகப் பட்டது வேகம் இல்லை. கொலோனுக்குக் கிட்ட வாகனங்கள் நெரிந்து நின்றன. நிற்கத் தொடங்கிய உடனேயே இடக்கரை வரிசைக்காரர் இன்னும் இடப்பக்கம் ஒதுங்கினார்கள், மற்ற வரிசைக்காரர் எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்கினார்கள். நடுவில் ஒரு பாதை தானாகத் திறந்தது. ஹோர்ன் சத்தம் இல்லை, பொலிஸ் இல்லை, அப்போது அம்புலன்சும் வரவில்லை. "வந்தாப் பிறகு விலத்தக்கூடாது மாமா, நிக்கேக்கையே விலத்தவேணும், சட்டம்" என்றாள் மருமகள். இரண்டு மூன்று நிமிடத்தில் அந்தப் பாதையால் அம்புலன்ஸ் ஒன்று தடங்கலே இல்லாமல் போனது. பிள்ளைப்பேறுக்காரியை வைத்துக்கொண்டு கிளிநொச்சிச் சந்தியில் நான் நின்ற ஒரு இரவு நினைவுக்கு வந்தது. இதை எங்கள் றைவர்மாருக்குச் சொல்லிக் கொடுக்க வேணும். காசு செலவில்லாத வேலை, பழக்கம் மட்டும்தான்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலையும் பார்த்தோம். தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம் எழும்பி நிற்கிறது. 2002 இல் கும்பாபிஷேகம் நடந்தது. தேர் முடிந்து ஆறிக் கிடந்த வீதியில் கும்பிட்டுவிட்டு, அன்றிரவு அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் புட்டும் மீன்குழம்பும். விடிய எழும்பித் தெற்கே திருப்பினோம்.

ட்ரியர் நகரத்தைத் தாண்டி வாசர்பில்லிக். சின்னப் பாலம், அந்தப் பக்கம் லக்சம்பேர்க். பாலம் இறங்கியதும் வரிசையாகப் பெற்றோல் செட்டுகள், ஜேர்மன் இலக்கத் தகட்டு வாகனங்கள் நிரம்பி வழிகின்றன. வரி குறைவு, அதனால் விலை குறைவு. நாங்களும் வாய் வரைக்கும் அடித்தோம். இந்தப் பயணத்தில் எங்கே தாங்கியை நிரப்புவது, எங்கே அரைத் தாங்கியோடு தாண்டுவது என்று பார்த்ததிலேயே நல்ல காசு மிச்சம்.

அங்கிருந்து மொசெல் ஆற்றை ஒட்டி ஒரு றோட்டு போகிறது. ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கம் சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். அந்த றோட்டின் முடிவில் செங்கன். என் பாஸ்போட்டில் ஒட்டியிருக்கும் பெயர் ஒரு சின்னக் கிராமம். 1985 ஆனி 14 ஆம் திகதி பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, லக்சம்பேர்க், நெதர்லாந்து ஐந்தும் இந்த ஆற்றில், பிரின்செஸ் மரி-அஸ்ட்ரிட் என்ற கப்பலில் வைத்து, தங்களுக்கிடையிலான எல்லைச் சோதனையை எடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பத்து வருடம் கழித்து, 1995 பங்குனியில்தான் அது நடைமுறைக்கு வந்தது. நாங்கள் அதுவரை ஓடி வந்ததும் அதே ஐந்து நாடுகள்.

காரைக் கரையில் விட்டுவிட்டு நடந்தோம். பாலத்தின் அந்தப் பக்கம் பேர்ல், ஜேர்மனி. இந்த இடத்தில் ஆறு பாதி பாதியாகப் பிரிபடவில்லை. கரைக்குக் கரை இரண்டு நாட்டுக்கும் பொது, 1816 இலிருந்து அப்படியாம். பாலத்தின் நடுவில் நின்றேன். பாணும் பையுமாக ஒரு கிழவி வந்தா, தாண்டிப் போனா. சைக்கிளில் இரண்டு பெடியள். தபால் வான் ஒன்று. நான் நின்ற நேரத்தில் ஒருவர்கூட வேகத்தைக் குறைக்கவில்லை. பிறகு பேர்லிலிருந்து தெற்கே நடந்தால் அப்பாக், பிரான்ஸ். மூன்று நாட்டையும் நடந்தே பார்த்து, திரும்பி வந்து ஆற்றங்கரையில் சம்பலும் பாணும் சாப்பிட்டோம். இந்த ஒப்பந்தத்துக்கு முன் இரண்டு உலகப் போர்களில் இதே கரைகளால் பட்டாளங்கள் போயிருக்கின்றன. அவ்வளவுக்குப் பிறகும் சோதனைச் சாவடியை எடுக்கலாம் என்று மனிசர் மேசையில் இருந்து கதைத்து முடிவெடுத்திருக்கிறார்கள். அது தானாக நடந்ததில்லை. அதைத்தான் நான் பார்க்க வந்தேன். பாரிசின் எல்லாக் காட்சிச்சாலைகளையும் விட எனக்கு அந்தப் பாலம் பெரிது.

அப்படியென்று எல்லாம் திறந்தே கிடக்கிறது என்றும் நினைக்கக்கூடாது. 2024 செப்டெம்பர் 16 முதல் ஜேர்மனி தன் தரைவழி எல்லைகள் எல்லாவற்றிலும் தற்காலிகச் சோதனை வைத்திருக்கிறது. பிரான்ஸ் பக்கத்து ஸ்ட்றாஸ்பேர்க்கிலிருந்து ரைன் ஆற்றுப் பாலத்தால் ஜேர்மன் பக்கத்துக் கேலுக்குப் போகையில் எங்களை மறித்தார்கள். முன்னுக்குப் போன இரண்டு காரையும் விட்டுவிட்டு எங்களை. ஒரு பொலிஸ்காரி மூன்று பேரின் பத்திரமும் வாங்கிப் பார்த்தா, எங்கே போகிறீர்கள் என்று கேட்டா, மருமகள் ஜேர்மன் மொழியில் பதில் சொன்னாள். சில நிமிடம்தான், மரியாதையாகத் திருப்பித் தந்தா. ஆனால் ஸ்டியரிங்கில் இருந்த என் கை ஈரமாகிவிட்டது. அத்தான் அதைப் பார்த்துவிட்டு, "நான் ஓடட்டோ?" என்றார். இல்லை, நானே ஓடுகிறேன் என்றேன். செங்கனில் மகிழ்ந்த அதே மனதுக்கு அன்று நோவாகவும் இருந்தது. எடுத்துவிட்ட சாவடியைத் திரும்ப வைப்பது எவ்வளவு சுலபம் என்று எங்களுக்குத் தெரியும்.

சுவிசில் நெடுஞ்சாலையில் ஏற வருட முத்திரை ஒன்று வேணும், 40 பிராங். ஒரு நாளுக்கென்று மலிவாகத் தரமாட்டார்கள். அதனால் பாசல் நகரத்துக்குள் கார் கொண்டு போகவில்லை. ஜேர்மன் பக்கம் வைல் அம் ரைனில் காரை விட்டுவிட்டு எட்டாம் இலக்க ட்ராமில் ஏறினோம். எல்லை தாண்டி நேரே நகரத்தின் நடுவுக்குப் போகிறது. அங்கே என்னோடு படித்தவன் ஒருவன் இருக்கிறான். பத்தாம் வகுப்போடு பிரிந்தவர்கள். அவனோடு ஒரு பின்னேரம் முழுக்க ரைன் கரையில் இருந்து கதைத்தோம். அந்த ஊரில் ஒரு கோப்பை தேத்தண்ணியின் விலையைக் கேட்டபிறகு பிளாஸ்கில் இருந்ததையே குடித்தோம்.

திரும்பும்போது முலூசிலிருந்து வெசூல், லாங்கர், துறுவா என்று பழைய தேசிய வீதியால் வந்தோம். பல இடங்களில் 80 இல் ஓட வேணும், ஊருக்குள் 50. நெடுஞ்சாலையைவிடச் சில மணி நேரம் கூட, ஆனால் காசு இல்லை, சூரியகாந்தித் தோட்டங்களும் பாண் கடைகளும் கூட வரும்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி பதினைந்து நாளுக்குள் என்றால் எடுக்கமாட்டார்கள். மேரிப் பத்திரத்தை உங்கள் ஆட்கள் அதற்கும் முன்னாலேயே கேட்டு வைக்க வேணும், சில ஊர்களில் நாள் கிடைப்பதே கஷ்டம். ஆடி ஆவணிக்குப் போவதென்றால் தை பிறந்ததும் வேலையைத் தொடங்குங்கள். எல்லையில் மறிக்காவிட்டாலும் பாஸ்போட்டை எப்போதும் கையோடு வைத்திருங்கள். நகரங்களுக்குள் கார் கொண்டு போகப் பல இடத்தில் புகைத் தரச் சான்று வேணும், பிரான்சுக்கு ஒரு ஸ்டிக்கர், ஜேர்மனிக்குப் பச்சை ஸ்டிக்கர். இல்லாதவர்கள் நகரத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு ட்ராம் எடுங்கள், அதுதான் மலிவும்கூட.