தம்பி மகளின் ஒன்பதில் ஒரு பங்கு

3 ஜூன் 2024, மண்டபம்

வருகிற 10ஆம் தேதி, வைகாசி முடிவதற்குள், கிரையப் பதிவு என்று நாள் குறித்திருந்தோம். அப்பா கட்டிய வீட்டை இவ்வூரில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவருக்கு 36 லட்சத்திற்குப் பேசி முடித்து, ஏப்ரலிலேயே ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, 2 லட்சம் முன்பணமும் வாங்கியிருக்கிறோம். இன்று மாலை அவருடைய வழக்கறிஞர் அழைத்து இரண்டு குறைகளைச் சொன்னார். முதலாவது, வில்லங்கச் சான்றில் 1997ஆம் ஆண்டு அடமானம் இன்னும் நிற்கிறது. அந்தக் கடன் 2004இலேயே அடைபட்டுவிட்டது. அப்பா பத்திரத்தை மீட்டு வந்து, மஞ்சள் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆயினும், கடன் தீர்ந்ததற்கான ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாதவரை அந்த அடமானம் வில்லங்கத்தில் காட்டிக்கொண்டேதான் இருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இரண்டாவது குறை, தம்பி மகளின் கையெழுத்து பற்றியது.

5 ஜூன்

கடன் கொடுத்த சங்கத்தில் பழைய பேரேட்டைத் தேடி எடுத்துவிட்டார்கள். ரசீதை வெள்ளிக்கிழமை பதிவு செய்து தருவதாகச் சொன்னார்கள். அது முடிந்தது என்றே கொள்ளலாம்.

மற்றது அப்படி முடிவதாக இல்லை. அப்பா உயில் எழுதாமல் 2011இல் காலமானார். அம்மா, நான், தம்பி என மூவருக்கும் சம பங்கு. 2019இல் தம்பியும் போய்விட்டான். அவனுடைய மூன்றில் ஒரு பங்கு அவன் மனைவி, மகள், எங்கள் அம்மா ஆகிய மூவருக்கும் பிரிகிறது. இறந்த மகனுக்குத் தாயும் முதல் நிலை வாரிசு என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆகவே ஒன்பதில் நான்கு அம்மாவுக்கு, மூன்று எனக்கு, ஒன்று தம்பி மனைவிக்கு, ஒன்று அவர்கள் மகளுக்கு. அந்தக் குழந்தை பிறந்தது 2006 செப்டம்பர் 9. இன்னும் மைனர்.

எங்கள் பத்திர எழுத்தர், தாயார் தனக்காகவும் மைனர் மகளுக்குக் கார்டியனாகவும் கையெழுத்திடுவதாக வரைவு எழுதியிருந்தார். ஆனால் 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, பெற்ற தாயே ஆனாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றி மைனரின் அசையாச் சொத்தை விற்கக்கூடாது. விற்றால், மைனர் வயதுக்கு வந்தபின் அந்தக் கிரையத்தை ரத்து செய்யக் கோரலாம் என்கிறார் வழக்கறிஞர். வாங்குபவர் தரப்பின் அச்சம் நியாயமானதே.

6 ஜூன்

"இப்படி எத்தனையோ பத்திரம் பதிவாகியிருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்கிறார் எழுத்தர். உறவினர் ஒருவர், அம்மாவும் நானும் பொறுப்பேற்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார். தகப்பனில்லாப் பிள்ளையின் பங்கை அவள் பேரைச் சொல்லி நாம் எழுதிக் கொடுக்க, நாளை அவள் வாயாலேயே அதை மறுக்க வேண்டிய நிலையை நாமே ஏற்படுத்துவதா? எனக்கு மனம் ஒப்பவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்தால், விற்பனை அவளுக்குத் தேவையானது அல்லது நன்மையானது என்று நிரூபித்து உத்தரவு வாங்கவே செப்டம்பர் தாண்டிவிடும். அதற்கு அவளுக்குப் பதினெட்டு நிறையும்வரை காத்திருப்பதே மேல் என்று முடிவு செய்தோம். தம்பி மனைவி ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

8 ஜூன்

வாங்குபவரை வீட்டிற்கே சென்று பார்த்தேன். மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிகிறது. கடல் திறந்தால் கையிலுள்ள பணம் டீசலுக்கும் வலைக்கும் போய்விடும் என்பதால்தான் அதற்குள் பதிவை முடிக்க விரும்பியிருக்கிறார். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என ஒன்பது சதவீதமாக 3,24,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்திருந்தார். முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு, "வேண்டாம்மா, வில்லங்கமில்லாமல் வரட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லை நான் மறக்க மாட்டேன். ஒப்பந்தக் காலத்தை செப்டம்பர் இறுதிவரை நீட்டித்துப் பதிவு செய்கிறோம்.

12 செப்டம்பர்

காலை பதினொன்றரைக்கு எங்கள் டோக்கன். 9ஆம் தேதி பதினெட்டு நிறைந்தவள், ஆதார் அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு கோப்பில் வைத்து மடியிலேயே வைத்திருந்தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் அம்மா நடுங்கும் கையால் ஒப்பமிட்ட பிறகு, நான், தம்பி மனைவி, கடைசியாக அவள். தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தாள்தோறும் அழுத்தி எழுதினாள். படம் எடுத்து, விரல் ரேகை பதிந்து வெளியே வரும்போது, "அத்தை, என் நாலு லட்சம் என் கணக்கிலேயே வருமா?" என்று கேட்டாள். வரைவோலை அவள் பெயரிலேயே இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தேன்.