ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: திராவிடர்ஸை வெச்சு எக்ஸ்ட்ரீமை அடிச்சாச்சு

ஊரைக் கட்டி, படை தெரட்டி எதிரியை அழிக்குற இந்த கம்ப்யூட்டர் கேமை ஆடுறவங்கள்ல ரெண்டு ரகம் இருக்காங்க. பிளாக் ஃபாரஸ்ட் மேப்ல சுவர் வெச்சு வாயை அடைச்சுட்டு 200 பாப்புலேஷன் ரொம்புற வரைக்கும் உள்ளே நிம்மதியா விவசாயம் பாக்குறவங்க ஒரு ரகம், அரேபியா மேப்ல பத்து நிமிஷம் தாண்டுறதுக்குள்ள ஈட்டியோட அடுத்தவன் வாசல்ல நிக்குறவங்க இன்னொரு ரகம். 1999-ல வந்த கேம், நான் சிடி காலத்துலேர்ந்தே முதல் ரகம்தான். இப்போ டெஃபினிட்டிவ் எடிஷன்ல ரெண்டாவது ரகமா மாறிப் பாப்போம்னு எக்ஸ்ட்ரீம் ஏஐ-யோட (கம்ப்யூட்டரே ஆடுற எதிரி, ரொம்பக் கஷ்டமான லெவல்) ஒண்டிக்கு ஒண்டி, அரேபியா மேப், திராவிடர்ஸ்.

ஏன் திராவிடர்ஸ்னா, 2022-ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாங்கற கூடுதல் பேக்ல வந்த சிவி (நாம எடுத்து ஆடுற நாகரிகம்) அது. ராஜேந்திர சோழன் கேம்பெயின் இருக்கு, கிளிக் பண்ணா வில்லேஜர் (வேலை பாக்குற ஆள்) தமிழ்ல பதில் சொல்றான், அதுக்கு மேல காரணம் வேணுமா? ஆனா பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு, நைட் (கவசம் போட்ட குதிரை வீரன்) கிடையாது. இத்தனை வருஷமா கேமோட மூணாவது கட்டமான காசில் ஏஜ் வந்ததும் கை தானா நைட்டுக்குத்தான் போகும், இங்க ஸ்டேபிளை (குதிரை லாயம்) தொறந்தா அந்த பட்டனே இல்ல.

முதல்ல வேகம். கணக்கு ரொம்ப சிம்பிள், ஒரு வில்லேஜருக்கு 50 ஃபுட், 25 செகண்ட். ஆள் எண்ணிக்கை 22 ஆகும்போது லூம்ங்கற ஆராய்ச்சியும் போட்டு, ரெண்டாவது கட்டமான ஃப்யூடலுக்கு கிளிக் பண்ணா 7:55, அங்கேர்ந்து 130 செகண்ட், ஆக 10:05-க்கு ஃப்யூடல். வில்லேஜரை உருவாக்குற டவுன் சென்டர் ஒரு செகண்ட்கூட சும்மா நிக்கலைன்னாதான் இது. பன்னியை ரெண்டு அம்பு விட்டு டவுன் சென்டருக்கு இழுத்துட்டு வர்ற நேரத்துல வீடு கட்ட மறந்தா போச்சு, ஆனா பன்னியை விடவும் முடியாது, ஒரு பன்னியில 340 ஃபுட், ஆட்டுல வெறும் 100.

ஃப்யூடல் வந்த உடனே திராவிடர்ஸுக்கு 200 மரம் இலவசமா வருது. வில்லாளிங்களை உருவாக்குற ஆர்ச்சரி ரேஞ்ச் 175, வீடு 25, அளந்து குடுத்த மாதிரி கரெக்டா போயிடும். இவங்க ஸ்கர்மிஷர் (ஈட்டி எறியுறவன்) 25 சதவீதம் வேகமா எறியுறான், தங்கமும் கேக்க மாட்டான், எதிரியோட வில்லாளிங்களை ஆரம்பத்துலயே நசுக்கிடலாம்.

கஷ்டம் காசில் ஏஜ்லதான். எதிரி நைட் கூட்டமா வந்து மரவெட்டிங்களைத் தூக்கிட்டு ஓடிடுவான், நம்மகிட்ட துரத்திப் புடிக்க ஆளே இல்ல. அதனால துரத்துறதையே விட்டுட்டேன், மரவெட்டுற இடத்துலயும் தங்கச் சுரங்கத்துலயும் பைக்மேன் (குதிரைப்படையை அடிக்குற ஈட்டிக்காரன்) நிரந்தரமா நிப்பான், காலாட்படைக் கூடமான பாரக்ஸோட ஆராய்ச்சி எல்லாம் இவங்களுக்குப் பாதி விலைங்கறதால அப்கிரேடு வலிக்கல. யானையும் போட்டுப் பாத்தேன், கம்பீரமா இருக்கு, ஆனா அது போய்ச் சேர்றதுக்குள்ள சண்டை முடிஞ்சிடுது, அப்படியே போனாலும் ஒரு மாங்க் (துறவி) வந்து பாட்டு பாடி அவன் பக்கம் இழுத்துக்கறான், செலவு பண்ண ஃபுட்டை நெனச்சா வயிறு எரியும்.

கடைசியில ஜெயிச்ச மேட்ச்ல எனக்கு வந்த எதிரி டியூட்டன்ஸ், அதுதான் இதுல சூப்பரான விஷயம். கவசத்துக்குன்னே பேர் போன கூட்டம். அவங்களோட எலைட் டியூட்டானிக் நைட்டுக்கு (பேர்தான் நைட், இவன் காலாள்) கவசம் 10, என்னோட வாள் வீரன் சாம்பியனோட அடி 13, அப்கிரேடை ஒதுக்கிட்டுப் பாத்தா ஒரு வெட்டுக்கு 3 பாயிண்ட்தான் எறங்கணும். திராவிடர்ஸோட ஊட்ஸ் ஸ்டீல் ஆராய்ச்சி முடிஞ்சா கவசக் கணக்கே கெடையாது, 13-உம் முழுசா எறங்கும். (ஊட்ஸ்ங்கறது நம்ம பக்கத்து பழங்கால உருக்கு. கொடுமணல்ல இரும்பு உருக்குன உலைகளைத் தோண்டி எடுத்தாங்கல்ல, அந்தப் பெருமையை இப்படி ஒரு பட்டன்ல வெச்சிருக்கானுங்க.) காசில்லேர்ந்து (கோட்டை) உருமிங்கற சுருள் வாள் வீசுற வீரனையும் கலந்துக்கிட்டேன், முதல் வீச்சுலயே பக்கத்துல நிக்குறவனுக்கும் சேர்த்து அடி விழுது. கட்டடத்தை இடிக்குற ராம் எந்திரம் ரெண்டு பின்னாடி வந்துச்சு, திராவிடர்ஸுக்கு இந்த மாதிரி சீஜ் (முற்றுகை) எந்திரத்துக்கு மரமும் கம்மிதான். அவன் ரெண்டாவது காசில் விழுந்ததும் ரிசைன்.

எக்ஸ்ட்ரீம் இப்போ ஏமாத்தாம ஆடுற ஏஐ, பழைய சிடி வெர்ஷன் மாதிரி கூடுதல் சரக்கு எடுத்துக்கறதில்ல, அதனால இந்த வெற்றியை நான் முழுசாவே எண்ணிக்கறேன். அடுத்து தண்ணி மேப், திராவிடர்ஸோட தனிப் போர்க்கப்பலான திரிசடையை எறக்கிப் பாக்கணும். இவங்க மீன்பிடி படகு கூடுதலா 15 ஃபுட் சுமக்கும்ங்கறதால எத்தனை படகு கட்டணும்னு கணக்கு போட்டுட்டு இருக்கேன், யாராச்சும் ஐலண்ட்ஸ் மேப்ல இவங்களை ஆடியிருந்தா சொல்லுங்க.