கெட்டிலும் மைக்ரோவேவும்: ஒரு லண்டன் நாட்குறிப்பு

2024 ஜூன் 6, வியாழன்

எங்கள் தளத்தில் உள்ள இரண்டு பேரை இனிமேல் ஊர்ப் பெயரால்தான் எழுதப்போகிறேன். ஒருவர் யார்க்‌ஷயர். வட இங்கிலாந்துக்காரர். பல வருடங்களாக லண்டனில் சம்பளம் வாங்கினாலும் லண்டனைத் தன் ஊர் என்று ஒப்புக்கொள்ளாதவர். நலம் விசாரித்தால் "மோசமில்லை" என்பார். அவர் கணக்கில் அது ஆனந்தத்தின் உச்சம். இன்னொருவர் ஒஹாயோ. அமெரிக்கக் கிளையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்கு எல்லாமே பிரமாதம், ஸ்டேப்ளர் உட்பட.

இன்று ஒஹாயோ கோப்பையில் தண்ணீர் பிடித்து மைக்ரோவேவில் வைத்தார். பக்கத்திலேயே கெட்டில் சும்மா இருந்தது. யார்க்‌ஷயர் ஒன்றும் சொல்லவில்லை. மைக்ரோவேவ் சுற்றி முடிக்கும்வரை அதன் எதிரே நின்றார், இறுதி ஊர்வலம் கடந்து போகும்போது நிற்பதுபோல.

ஒஹாயோவிடம் தயாராக ஒரு சான்று இருந்தது. இந்த ஜனவரியில் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் ஒருவர், தேநீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் கசப்பு குறையும் என்று எழுதப்போய் இங்கே பத்திரிகைகள் கொந்தளித்தன. லண்டனில் உள்ள அமெரிக்கத் தூதரகம் அறிக்கையே விட்டது: பிரிட்டனின் தேசிய பானத்தில் உப்பு சேர்ப்பது அமெரிக்காவின் அதிகாரபூர்வக் கொள்கை அல்ல, எப்போதும் ஆகாது, நாங்கள் வழக்கம்போல முறைப்படி மைக்ரோவேவிலேயே தேநீர் போடுவோம். பிரிட்டிஷ் அமைச்சரவை அலுவலகமும் விடவில்லை. தேநீர் கெட்டிலில்தான் போட வேண்டும் என்று பதில் கொடுத்தது. இரண்டு அணு ஆயுத நாடுகள்!

நான் நடுவில் புகுந்து விளக்கினேன். அமெரிக்க வீடுகளில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. இங்குள்ள கெட்டில் 3,000 வாட் இழுக்கும், அங்கே பெரும்பாலும் 1,500தான். தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரமானால் மனிதர்கள் மைக்ரோவேவைத்தான் தேடுவார்கள். இரண்டு பேருமே என்னை எரிச்சலாகப் பார்த்தார்கள். சண்டைக்கு நடுவில் இயற்பியல் பேசுபவனை யாருக்குத்தான் பிடிக்கும்?

யார்க்‌ஷயர் பதிலுக்கு 1990ஐ எடுத்துவிட்டார். உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் இங்கிலாந்து தோற்றதும் நாடே எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டதாம். மின்தேவை ஒரே மூச்சில் 2,800 மெகாவாட் எகிறியது. பெருமையாகச் சொன்னார். "தோற்றதற்கா?" என்றார் ஒஹாயோ. "தேநீர் எதற்கும்தான்."

டிவியில் நாள் முழுக்க இரண்டாம் உலகப் போரின் நார்மண்டித் தரையிறக்கத்தின் 80ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள். இங்கே வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு 1942இல் அவர்களுடைய போர்த்துறை கொடுத்த கையேட்டில் இந்த வழக்குக்கு அப்போதே தீர்ப்பு இருக்கிறது: பிரிட்டிஷாருக்கு நல்ல காபி போடத் தெரியாது, உங்களுக்கு நல்ல தேநீர் போடத் தெரியாது, சரிக்குச் சரி.

ஜூன் 7, வெள்ளி

நேற்று டல்லாஸ் அருகே டி20 உலகக் கோப்பையில் அமெரிக்கா பாகிஸ்தானைச் சூப்பர் ஓவரில் வீழ்த்திவிட்டது. அந்த ஓவரைப் போட்ட சௌரப் நேத்ரவால்கர் மும்பையில் பிறந்தவர், ஆரக்கிள் நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர். எனக்குத் தூக்கமே இல்லை. யார்க்‌ஷயர் அதற்குள் "பொறியாளர்களை இறக்குமதி செய்து ஜெயித்தால் ஆயிற்றா?" என்று ஆரம்பித்திருந்தார். கிரிக்கெட்டின் முதல் சர்வதேசப் போட்டி 1844இல் நியூயார்க்கில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடந்தது என்ற தகவலை ஒஹாயோவின் காதில் போட்டுவிட்டு வந்தேன். நாரதர் வேலைக்கு இதைவிட நல்ல அலுவலகம் அமையாது.

ஜூன் 12, புதன்

யார்க்‌ஷயர் இன்று ஃபாரன்ஹீட்டைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் 32இல் உறைந்து 212இல் கொதிக்கும் அளவை எந்த நல்ல மனிதன் வைத்துக்கொள்வான், உலகமே மெட்ரிக்குக்கு மாறியாயிற்று, இத்யாதி.

ஒஹாயோ அமைதியாகக் கேட்டார்: "உங்கள் எடை என்ன?"

"பதினான்கரை ஸ்டோன்." கிலோ அல்ல, பழைய பிரிட்டிஷ் எடை அளவு.

"உயரம்?" அடியில் சொன்னார். "வீடு எவ்வளவு தூரம்?" மைலில் சொன்னார். "பெட்ரோல்?" லிட்டர். "வண்டி எவ்வளவு கொடுக்கும்?" கேலனுக்கு இத்தனை மைல். சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. லிட்டரில் ஊற்றி, மைலில் ஓட்டி, கேலனில் கணக்குப் பார்க்கும் தேசம். அந்தக் கேலனும் 4.5 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.8 லிட்டர்கூட வராது. கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது பைன்ட். இங்கே ஒரு பைன்ட் பியர் 568 மில்லி, அங்கே 473. "உங்கள் ஊரில் எல்லாமே பெரிது என்றார்களே?"

இது அவருக்குப் போன புள்ளிதான். நான் நியாயஸ்தன்.

ஜூன் 18, செவ்வாய்

குழுவாகச் சாப்பிடப் போனோம். பில்லில் ஏற்கெனவே 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் இருந்தது. அதற்கு மேல் ஒஹாயோ இன்னொரு 20 சதவீதம் வைக்கப்போக, யார்க்‌ஷயர் மேசைக்குக் குறுக்கே பாய்ந்து தடுத்தார். அவர் அவ்வளவு வேகமாக அசைந்து நான் பார்த்ததில்லை.

ஒஹாயோவின் கை தானாகப் போவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசுச் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அது நகரவே இல்லை. பல மாநிலங்கள் கூட்டிக் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. மிச்சத்தைச் சாப்பிட வந்தவர் தர வேண்டும். அதை வள்ளல்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் சம்பளப் பட்டியலை வாடிக்கையாளர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

யார்க்‌ஷயரின் அமெரிக்க மனக்காயம் வேறு. ஒருமுறை அங்கே போனபோது கடை அலமாரியில் ஒரு விலை, கல்லாவில் வேறு விலை. விற்பனை வரியை விலைச்சீட்டில் சேர்க்க மாட்டார்கள். மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் விகிதம் மாறும். சரியான சில்லறையைக் கையில் எண்ணி வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற மனிதர் இன்னும் மன்னிக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பார்படோஸில் இங்கிலாந்து அமெரிக்காவை 10 விக்கெட்டில் நசுக்கியது. கிறிஸ் ஜோர்டான் ஐந்து பந்துகளில் நான்கு விக்கெட். குழுவில் யார்க்‌ஷயரிடமிருந்து ஒரே ஒரு செய்தி: "மோசமில்லை."

ஜூன் 26, புதன்

வெயில் 30 டிகிரியைத் தொட்டது. காலையில் ஒஹாயோ சிரித்துக்கொண்டே வந்தார். முப்பதுக்கே ரயில்வேக்காரர்கள் தண்ணீர் பாட்டில் கொண்டுவரச் சொல்கிறார்களே என்று. மதுரைக்காரனான நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாலையில் வாடகை வீட்டுக்குப் போனவரிடமிருந்து செய்தி வந்தது: "இவர்கள் எப்படி உயிரோடு இருக்கிறார்கள்?" குளிரை வெளியே நிறுத்தக் கட்டிய வீடுகள். பெரும்பாலான வீடுகளில் ஏ.சி. கிடையாது. 2022 ஜூலையில் லிங்கன்‌ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவான அன்று யார்க்‌ஷயர் என்ன செய்தார் என்று கேட்டோம். திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தாராம். சூடாக.

ஜூன் 28, வெள்ளி

பப்பில் இன்று நாரதருக்கு முழு வேலை. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் நுழைந்தபோது ஜனாதிபதி மாடிசனுக்காக மேசையில் வைத்திருந்த விருந்தை முதலில் சாப்பிட்டது. அப்புறம்தான் வெள்ளை மாளிகைக்குத் தீ வைத்தது. யார்க்‌ஷயருக்கு இந்த வரிசை மிகவும் பிடித்துப்போயிற்று. அதன் 200ஆம் ஆண்டில், 2014இல், வாஷிங்டனில் உள்ள பிரிட்டிஷ் தூதரகம் வெள்ளை மாளிகை வடிவில் கேக் செய்து மத்தாப்பு குத்திப் படம் போட்டது, "இந்தமுறை மத்தாப்பு மட்டும்தான்" என்று. சிலர் கோபப்பட, மன்னிப்பும் கேட்டது.

ஒஹாயோ பக்கம் காலியாக இருக்கக் கூடாதே. 1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜின் சிலையை இழுத்துத் தள்ளி, அந்த ஈயத்தை உருக்கி 42,088 தோட்டாக்கள் செய்தார்கள். ராஜாவையே அவருடைய படைமேல் சுட்டிருக்கிறார்கள் என்றதும் மேசை அதிர்ந்தது.

பெரிய வெடியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பிரிட்டிஷ் குண்டுவீச்சைப் பார்த்து எழுதிய அமெரிக்க தேசிய கீதத்தின் மெட்டு, லண்டனில் கனவான்களின் சங்கம் ஒன்றுக்காக 18ஆம் நூற்றாண்டில் போட்ட மெட்டு. யார்க்‌ஷயர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அடுத்த நிமிடமே, அவர் தினம் டோஸ்ட்டில் போட்டுக்கொள்ளும் ஹெய்ன்ஸ் பீன்ஸ் பிட்ஸ்பர்க் நிறுவனத்துடையது, அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மூன்றாம் ஜார்ஜின் முகமாயிற்று.

கவனித்ததில் ஒன்று. யார்க்‌ஷயரின் கிண்டலெல்லாம் எதிராளி திருப்பி அடிப்பார் என்ற நம்பிக்கையில் வீசுபவை. ஒஹாயோ பாதி நேரம் திருப்பி அடிப்பதே இல்லை. "ஆமாம், அது உண்மையிலேயே வேடிக்கைதான்!" என்று மனதாரச் சிரித்துவிடுகிறார். அதற்கு யார்க்‌ஷயரிடம் மருந்து இல்லை.

ஜூலை 4, வியாழன்

அமெரிக்க விடுதலை நாளில் பிரிட்டிஷ் பொதுத்தேர்தல். யார் தேதி குறித்தார்களோ, நாட்குறிப்பு எழுதுபவனுக்குப் புண்ணியம்.

காலையில் தேவாலயக் கூடம் ஒன்றில் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டி, கயிற்றில் கட்டிய பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தேன். வாசலில் நாய்கள், எசமானர்கள் ஓட்டுப் போட்டு வரும்வரை காத்திருந்தன. அலுவலகத்தில் இதைச் சொன்னதும் ஒஹாயோ நிமிர்ந்தார். "இந்தியக் குடிமகனுக்கு இங்கே ஓட்டா?" உண்டு. இங்கே முறைப்படி வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இருக்கிறது.

"நானும் இங்கேதான் வரி கட்டுகிறேன்."

"ஆமாம்."

"எனக்கு ஓட்டு இல்லை."

"இல்லை."

"ஜூலை நான்காம் தேதி!"

யார்க்‌ஷயர் இந்தக் கணத்துக்காகவே பிறந்ததுபோல எழுந்தார். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் பிரிட்டிஷ் வரியை எதிர்த்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியபோது எதற்காகக் கத்தினீர்களோ அதுவே இன்று உங்கள் சம்பளச் சீட்டில், என்றார். நான் என் பங்குக்கு, நாங்களும் விடுதலை வாங்கியவர்கள்தான், ஆனால் காமன்வெல்த் கிளப்பின் உறுப்பினர் அட்டையைக் கிழித்துப் போடவில்லை என்றேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் சுகமாக இருந்தது.

ஒஹாயோ விடவில்லை. எந்த நாட்டில் வசித்தாலும் அமெரிக்கர் ஆண்டுதோறும் அமெரிக்க வரிக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டுமாம். இரண்டு அரசாங்கங்களுக்கும் கணக்குக் காட்டுபவர் என்ற முறையில், தனக்குத்தான் இந்த அறையிலேயே வரியைப் பற்றிப் பேச அதிகத் தகுதி என்றார். யார்க்‌ஷயர் உடனே லண்டன் நெரிசல் கட்டணத்தை எடுத்தார். நகர மையத்துக்குள் வண்டி ஓட்ட 2003இல் வந்த அந்தக் கட்டணத்தை, அது ஒரு வரி, தூதரகங்களுக்கு வரிவிலக்கு உண்டு என்று சொல்லி அமெரிக்கத் தூதரகம் கட்ட மறுக்கிறது. பாக்கி 1.4 கோடி பவுண்டுக்கு மேல். "பாக்கியை வாங்கிக்கொடுங்கள், ஓட்டு வாங்கித் தருகிறேன்."

ஜூலை 5, வெள்ளி

ஒஹாயோ விடியும்வரை முடிவுகளைப் பார்த்திருக்கிறார். ரிஷி சுனக் தன் தொகுதி முடிவுக்காக மேடையில் நிற்க, அதே வரிசையில் தலையில் குப்பைத்தொட்டி மாட்டிய கவுண்ட் பின்ஃபேஸ் என்ற வேட்பாளர். "பிரதமரை அவரோடு நிற்க வைக்கிறார்களா?" ஆமாம், 500 பவுண்டு டெபாசிட்டும் தேவையான கையெழுத்துகளும் இருந்தால் நிற்கலாம். அந்தத் தொகுதி யார்க்‌ஷயரில் இருப்பதை நம் யார்க்‌ஷயர் இருமுறை நினைவூட்டினார். என்னைக் கேட்டால் இந்த ஊர் ஜனநாயகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

மதியத்துக்குள் சுனக் அரசரிடம் போய் விலகி, ஸ்டார்மர் பிரதமராகிவிட்டார். நவம்பரில் ஓட்டுப் போட்டு ஜனவரி 20வரை காத்திருக்கும் ஊர்க்காரருக்கு மயக்கம் வராத குறை. ஆனால் அவர் அதிகம் விசாரித்தது டவுனிங் தெருப் பூனை லாரியைப் பற்றி. 2011இலிருந்து பதவியில் இருக்கிறது. இது அதற்கு ஆறாவது பிரதமர்.

ஜூலை 15, திங்கள்

நேற்று பெர்லினில் யூரோ இறுதி ஆட்டம். ஸ்பெயின் 2, இங்கிலாந்து 1. கோல் பால்மர் சமன் செய்தபோது எழுந்த தெருச்சத்தம் 86ஆம் நிமிடத்தில் ஒயர்சபால் அடித்ததும் அணைந்தது.

காலையில் யார்க்‌ஷயரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒஹாயோ நேராகப் போய், "ஐரோப்பா முழுக்க இரண்டாம் இடம்! எவ்வளவு பெரிய விஷயம்!" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார். அதுதான் கொடுமை. கேலியாக இருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

ஒஹாயோவின் கையில் முன்பே ஒரு சீட்டைக் கொடுத்து வைத்திருந்தேன்: உலகக் கோப்பையில் இங்கிலாந்து அமெரிக்காவை ஒருமுறைகூட வென்றதில்லை. 1950இல் பெலோ ஒரிசோன்டியில் 0-1 தோல்வி, 2010இல் 1-1, 2022இல் 0-0. இன்று அதைப் படிக்க அவருக்கு மனம் வரவில்லை. பதிலாக, 2026 உலகக் கோப்பை எங்கள் ஊர்ப் பக்கம்தான், வந்து எங்கள் வீட்டில் தங்குங்கள் என்றார். ஜூலை 4 அன்று பிலடெல்ஃபியாவில் ஒரு நாக்-அவுட் ஆட்டம் வைத்திருக்கிறார்கள். விடுதலைப் பிரகடனம் வெளியான ஊர், அதன் 250ஆம் ஆண்டு, அதே நாள்.

யார்க்‌ஷயர் வெகுநேரம் யோசித்தார். நெகிழ்ந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"அந்த டிக்கெட் விலை வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா?"