பீட்ரூட் வினிகர் ஊறுகாய்: 3 கிலோ வீணான பிறகு சரியாக வந்தது

கோளாறு வினிகரில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் 3 கிலோ பீட்ரூட் குப்பைக்குப் போய்விட்டது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கச் செய்முறைகளில் வினிகர் என்றால் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் உள்ளது. நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் செயற்கை வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம்தான். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், நான் பார்க்கவில்லை. அமெரிக்கச் செய்முறையில் 4 கப் வினிகருக்கு 2 கப் தண்ணீர் என்று அளவு. அதையே நம் வினிகரில் செய்தால் புளிப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ‘ஊறுகாய்தானே’ என்று வெளியிலேயே வைத்துவிட்டேன். சாறு கலங்கி, துண்டுகளின் மேல் கஞ்சி தடவியது போல வழவழப்பு ஏறிவிட்டது. கொஞ்சம்கூட ருசி பார்க்காமல் கொட்டியதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

கணக்கு இதுதான்: 5 சதவீத வினிகர் 4 கப்பில் இருக்கும் அமிலம், 4 சதவீத வினிகர் 5 கப்பில் இருக்கிறது. ஆகவே 5 கப் வினிகருக்கு 1 கப் தண்ணீர். மொத்தம் அதே 6 கப், புளிப்பும் அதே. ஒன்றரைக் கிலோ பீட்ரூட்டுக்கு இதில் பாதி போதும்: வினிகர் இரண்டரை கப் (600 மில்லி), தண்ணீர் அரை கப், சர்க்கரை 1 கப், உப்பு 5 கிராம், ஒரு துண்டு பட்டை, 6 கிராம்பு, பெரிய வெங்காயம் 2. இனிப்பு அதிகம் என்றால் சர்க்கரையைக் குறையுங்கள், வினிகரைக் குறைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கலக்கச் சொல்லும் அடர் அமிலம் சில கடைகளில் கிடைக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்த தொல்லை நிறம். ஓர் அங்குலம் காம்பும் வால் வேரும் விட்டு வேகவைத்தால்தான் சாயம் உள்ளேயே நிற்கும். ஆனால் கடையில் காம்பை ஒட்ட நறுக்கித்தான் குவித்திருக்கிறார்கள். தண்ணீரில் போட்டால் பாதி நிறம் அதிலேயே இறங்கிவிடும். குக்கரில் வைத்தாலோ அதிகச் சூட்டில் சிவப்பு மங்கிப் பழுப்படிக்கிறது, துண்டும் குழைகிறது. உழவர் சந்தையில் கீரையோடு கேட்டு வாங்கலாம். கிடைக்காவிட்டால் இட்லிப் பானையில் ஆவியில் வையுங்கள். எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய கிழங்குக்கு 40 நிமிடம் பிடிக்கும். கத்தி முனை சிரமமில்லாமல் இறங்கி, நடுவில் லேசாகத் தடுக்க வேண்டும், அதுதான் பதம். சூடு ஆறுவதற்குள் குழாயடியில் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளினால் தோல் சட்டை கழல்வது போல வந்துவிடும். முழுக்க ஆறவிட்டால் கத்தியால் சுரண்ட வேண்டியதுதான்.

கால் அங்குல வில்லைகளாக நறுக்குங்கள். உள்ளே வெள்ளை வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வெயிலில் விளைந்த கிழங்கு அப்படித்தான் இருக்கும். வினிகர் கலவை கொதித்ததும் பீட்ரூட், வெங்காயம் போட்டு 5 நிமிடம், இறக்கிவிடலாம். அலுமினியம், பித்தளை, இரும்பு எதுவும் கூடாது, எவர்சில்வர் மட்டும். தூள் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்ப்பது சாற்றைக் கலக்கிவிடுகிறது. கல்லுப்பைக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள்.

வெந்நீரில் கொதிக்கவைத்த கண்ணாடி பாட்டிலில் சூடாகவே நிரப்பி, துண்டுகள் முழுக்க மூழ்கும்படி சாறு ஊற்றுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டில்தான் முதலில் பூசணம் பிடிக்கும். பழைய பாட்டிலின் தகர மூடியை வினிகர் ஒரே வாரத்தில் துருவேற்றிவிட்டது, பிளாஸ்டிக் மூடி நல்லது.

ஆறியதும் பிரிட்ஜ். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாங்காயும் எலுமிச்சையும் தாமே புளிப்பானவை, பீட்ரூட்டுக்குச் சொந்தப் புளிப்பு கிடையாது. அமிலத்தன்மை போதாமல் பி.ஹெச். (புளிப்பை அளக்கும் எண், புளிப்பு குறையக் குறைய இது ஏறும்) 4.6-க்கு மேல் இருந்தால், காற்றுப் புகாத பாட்டிலில் பொட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான கிருமி நஞ்சு உண்டாகலாம். அது வாசனையிலோ பார்வையிலோ தெரியாது. மாதக்கணக்கில் அலமாரியில் வைக்க வேண்டுமென்றால் 5 சதவீத வினிகரைத் தேடி வாங்கி, நிரப்பிய பாட்டில்களைக் கொதிநீரில் மூழ்கவைத்து 30 நிமிடம் விட வேண்டும். 1,000 அடிக்கு மேலே உள்ள ஊர் என்றால் இன்னும் அதிக நேரம். நான் பிரிட்ஜோடு நிறுத்திக்கொண்டேன், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுகிறேன்.

முதல் நாள் ருசி பார்த்து மனம் தளர வேண்டாம், வெறும் வினிகராகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் மண்வாடை போய், பட்டையும் கிராம்பும் உள்ளே இறங்கியிருக்கும். இந்த முறை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் சாறு மாதுளைச் சாறு போலத் தெளிவாக இருக்கிறது. மீந்த சாற்றில் புது பீட்ரூட்டைப் போடாதீர்கள், அதன் புளிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். நறுக்கிய வெங்காயத்தின் மேல் ஊற்றி அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.